ஊற்றிய கை

மே 24

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

மே ஒன்பதாம் தேதி சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் வைத்திருந்த இரண்டு கண்ணாடிக் குடுவைகளை நீங்கள் இடம் மாற்றி வைத்தீர்கள். அதனால் மூன்று வருடம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்த என் மகன் அன்று இரண்டு கிளாஸ் ஒயின் குடித்தான். மறுநாள் தானே வாங்கிக் குடித்தான். ஐந்தாம் நாள் அவன் வேலை செய்யும் பஸ் டிப்போவில் அவன் வாயை ஊதச் சொன்னார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எட்டாம் நாள் உங்கள் மகள் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது அவன் சிகிச்சை இல்லத்தில், நாலு கட்டில் போட்ட அறையில் கிடக்கிறான். அடுப்பிலிருந்து இறக்கிய பீன்ஸ் சட்டியை வைக்க உங்களுக்கு இடம் வேண்டியிருந்தது. அதற்கு இத்தனை விலை.

ஒழுங்கு என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? என் வலக்கைப் பக்கம் ஒயின். இடக்கைப் பக்கம் கறுப்புத் திராட்சைச் சாறு. இரண்டும் ஒரே மாதிரிக் குடுவை, ஒரே நிறம், எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாஸ். அவனுக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்தால் மேசையில் அவன் மட்டும் நோயாளி மாதிரி உட்கார வேண்டியிருக்கும் என்று நான்தான் அப்படி ஏற்பாடு செய்தேன். மூன்று வருடத்தில் ஒரு சனிக்கிழமை கூடப் பிசகியதில்லை. முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். எடுத்த ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்காத ஆளை என் பக்கத்தில் நிற்கவே விட்டதில்லை.

நீங்கள் உங்கள் மகளிடம் போய் "தப்பு என்னுடையது" என்று சொல்ல வேண்டும். சிகிச்சை இல்லத்துக்குப் போய் என் மகனிடமும் அதையே சொல்ல வேண்டும். போன் செய்யாதீர்கள். எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மே 29

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

சலவைக்கடை கவுண்டரில் உட்கார்ந்து, துணிக்குச் சீட்டுக் குத்தும் நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்க மாட்டேன் என்பவருக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது?

குடுவைகளை நகர்த்தினேன். இல்லை என்று சொல்லவில்லை. சட்டி கொதித்துக்கொண்டிருந்தது, பிடித்திருந்த துணி மெலிசு, கை பொத்துப்போகும் போல இருந்தது. இரண்டையும் ஒரு ஓரமாகத் தள்ளினேன், பிறகு மறுபடி எடுத்து வைத்தேன். எதை எந்தப் பக்கம் வைத்தேன் என்று பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே என் மகளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்:

"அம்மா, குடுவை நகர்ந்ததுக்கு யாரும் வீட்ட விட்டு வர மாட்டாங்க. மறுநாள் எங்க போனீங்கன்னு கேட்டேன். சலூனுக்குன்னு சொன்னார். முடி வெட்டவே இல்ல. நாலு நாளும் ஒரு பொய். பழைய ஆளு திரும்பி வந்துட்டார்னு அந்தப் பொய்லதான் தெரிஞ்சுது."

போகட்டும். ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. குடுவை எங்கே இருந்தால் என்ன, நீங்கள் ஊற்றுவதற்கு முன் மோந்து பார்ப்பவர்தானே? ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பிரசங்கம் முடியும்வரை சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். அன்றைக்கும் குடுவை வாயில் மூக்கை விட்டு, கண்ணை மூடி, "உலர்ந்த செர்ரி, கொஞ்சம் புகையிலை, பழைய தோல் பெல்ட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் எனக்கு ஊற்றினீர்கள். சம்பந்தி, அது சாறு. அன்று காலை என் கையால் பட்டை போட்டுக் காய்ச்சிய சாறு. உங்கள் மூக்கு அதில் எங்கே பெல்ட்டைக் கண்டுபிடித்தது?

என் பங்குக்கு நானும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் என்னைக் குறைக்கச் சொல்லியிருந்தார் அல்லவா, அதனால் சத்தமில்லாமல் எனக்குச் சாறை ஊற்றிவிட்டீர்கள் என்று நினைத்தேன். நல்ல மனுஷன் என்றுகூட நினைத்தேன். என் மகள் அன்று தலைவலி என்று கிளாஸையே தொடவில்லை. தலையைத் திருப்பி மாப்பிள்ளையின் கிளாஸைப் பார்க்கத் தோன்றவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

இன்னொன்று. சாப்பாடு பாதியில் இருக்கும்போதே இரண்டு குடுவைகளையும் எடுத்துக்கொண்டுபோய் அவசர அவசரமாகக் கழுவினீர்களே, ஏன்?

சம்பந்தியம்மா


ஜூன் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கேள்வி கேட்கும் உரிமை தவறு செய்தவருக்குக் கிடையாது.

நான் மோந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்ததை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவன். லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஒரு ஹோட்டலில், கெடுவுக்கு முன்பே வேலையை முடித்துக் கொடுத்ததற்கு ஒரு ஸ்பானிய சிவப்பு ஒயின் பாட்டில் கொடுத்தார்கள். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் குடிக்க மனம் வரவில்லை. அகராதி வாங்கினேன். ஒரு வருடம் பீப்பாயில் கிடந்தால் என்ன பெயர், மூன்று வருடம் கிடந்தால் என்ன பெயர், வெயில் மலையில் விளைந்த கர்னாச்சா திராட்சை எதற்கு, கறுத்த மொனாஸ்ட்ரெல் திராட்சை எதற்கு என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். உங்கள் மாப்பிள்ளை இருபது வயதில் என்னிடம் வந்து, லேபிளில் இருந்த ஊர்ப் பெயரைக் காட்டி, "அப்பா, அது ரியோஜா இல்ல, ரியோஹா. அந்த எழுத்த அவங்க ஹ-ன்னுதான் சொல்வாங்க" என்றான். எழுத்தைப் பார்த்துப் படித்தவன் நான். ரியோஜா என்றே சொன்னேன், இன்னும் சொல்வேன்.

ஐம்பத்தெட்டு வயதுவரை ஒயின் என்றால் சட்டையில் போகாத கறை என்று மட்டும் தெரிந்தவர் நீங்கள். கல்யாணம் முடிந்து முதல் சனிக்கிழமை நான்கு மணி நேரம் மெல்லிய சூட்டில் வெந்த ஆட்டுத் தோள்கறியும், மூன்று வருடம் கிடந்த ஒரு ரிசர்வா ஒயினும் வைத்தேன். ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின் என்று சாப்பிட்டுவிட்டு நீங்கள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு, "சம்பந்தி, கொழுப்பு எங்க போச்சு?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்காகவே அடுத்த வாரமும் சமைத்தேன். நீங்கள் காளானும் பூண்டும் வதக்கிக் கொண்டுவந்தீர்கள், நான் இளசான தெம்ப்ரனியோ ஒயின் திறந்தேன். சுட்ட குடைமிளகாய்க்கு எது பொருந்தும் என்று மூன்று வாரம் சண்டை போட்டோம். மருமகள் நடுவராக இருந்தாள். அப்போதெல்லாம் என் மகன் குடித்துவிட்டு வருவான், அல்லது வரவே மாட்டான். அவன் விட்ட பிறகுதான் மேசையில் நாலு பேர் முழுசாக உட்கார்ந்தோம்.

அந்த மேசையை உடைத்தது நீங்கள். முதல் வாயிலேயே தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய குற்றம். சிகிச்சை இல்லத்துக்குப் போனீர்களா இல்லையா? அதை எழுதுங்கள்.

சம்பந்தி


ஜூன் 7

சம்பந்தி அவர்களுக்கு,

போனேன். இன்றைக்குக் கடை விடுமுறை, பார்வையாளர் நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு.

மாப்பிள்ளை இளைத்திருக்கிறார். செருப்பில் வார் இல்லை, அங்கே கொடுக்கிற ரப்பர் செருப்பு. நான், "தப்பு என்மேல மாப்பிள்ள, குடுவைய நான்தான் மாத்தி வெச்சேன்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இரண்டு தடவை சொன்ன பிறகு சிரித்தார்.

"அத்தை, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கிளாஸ் மூக்குக்குக் கிட்ட வந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணு வருஷம் தொடாதவனுக்கு மூக்கு நாய் மாதிரி இருக்கும்."

"தெரிஞ்சும் ஏன்ப்பா குடிச்ச?"

"அப்பா மோந்து பார்த்துட்டுத்தானே ஊத்தினார்? அவர் மூக்கு தப்புமா? தெரிஞ்சேதான் ஊத்தறார்னு நெனச்சேன். இவன் தேறிட்டான், இவனும் நம்ம கூட ஒரு கிளாஸ் குடிக்கலாம்னு முடிவு பண்ணிட்டார். சொன்னா அழுதுடுவார்னு சொல்லாம ஊத்தறார்னு நெனச்சேன். சந்தேகமாத்தான் இருந்துச்சு. அதனால ரெண்டாவது தடவ கிளாஸ நீட்டிப் பார்த்தேன். 'நல்லா இருக்கா?'ன்னு கேட்டார். 'இருக்குப்பா'ன்னேன். 'அப்போ குடி'ன்னு இன்னொண்ணு ஊத்தினார். அத்தை, என் வாழ்க்கையில அவர் என்ன ஒரு முழு ஆளா பார்த்தது அன்னிக்குத்தான். அதுக்கப்புறம் நான் பண்ணினது எல்லாம் என் தப்பு. ஆனா அந்த ரெண்டு கிளாஸ் எங்கப்பா எனக்குக் குடுத்தது. அத மட்டும் யாரும் தப்புன்னு சொல்லாதீங்க."

அங்கே இருக்கும் ஆலோசகர் அம்மாவிடமும் இதையே சொல்லியிருக்கிறார். அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவர் வெளியே போனாலும் அப்பாவோட ஒரு கிளாஸ்னா பரவாயில்லைன்னு நம்பிக்கிட்டிருக்கார். அப்பா தெரிஞ்சுதான் ஊத்தினாரா? அவரே வந்து சொல்லணும். வேற யார் சொன்னாலும் இவர் நம்ப மாட்டார்" என்றார்.

இனி எழுதப்போவதை நீங்கள் கோபப்படாமல் படிக்க வேண்டும். கோபப்படுவீர்கள், தெரியும்.

மார்ச் மாதம் ஒரு பாட்டில் திறந்தீர்கள். மழையில் நனைந்து ஒரு வாரம் மூட்டையாகக் கிடந்த போர்வையின் நாற்றம் அதில் அடித்தது. கார்க் கெட்டுப்போன பாட்டில். நீங்கள் அதை மோந்து, "அருமை, வனிலாவும் பிளம்மும்" என்றீர்கள். என் மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். பெரியவர் ஆசையாகத் திறந்தார், மனசு நோகக் கூடாது என்று நானும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினோம். அதற்கு முன் ஒரு நாள் நான் வரும்போது உங்கள் வீட்டில் பால் தீய்ந்து மாடிப்படி வரைக்கும் நெடி. பக்கத்து அறையில் நீங்கள் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். போன வருடம் சலவைக்குப் போட்ட உங்கள் சட்டையில் மண்ணெண்ணெய் கொட்டியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறீர்கள்.

துணியை மோந்து பார்த்துப் பிரிப்பவள் நான். மூக்கு வேலை செய்கிற மனிதர் யார், செய்யாதவர் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் உங்களிடம் கேட்கவில்லை. மரியாதை என்று நினைத்தேன். இப்போது கேட்கிறேன்.

சம்பந்தி, உங்களுக்கு வாசனை தெரியுமா?


ஜூன் 10

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தெரியும்.

இத்தோடு கடிதப் போக்குவரத்து போதும்.


ஜூன் 17

சம்பந்தி அவர்களுக்கு,

போதும் என்றீர்கள். எனக்குப் போதவில்லை.

என் மகளுக்கு வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. முப்பதாம் தேதி கிளம்புகிறாள். ஒரு அறை எடுத்தாகிவிட்டது. "திரும்பி வருவியா?" என்று கேட்டேன். "தெரியலம்மா. அவர் குடிச்சா நான் வரமாட்டேன். குடிக்காம இருந்தாலும் வருவேனான்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்றாள். நான் அவளை மறிக்கவில்லை. துணியெல்லாம் நானே மடித்துக் கொடுத்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

அதனால் அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லி இதை எழுதவில்லை. அது முடிந்த கதை போலத்தான் தெரிகிறது. மாப்பிள்ளையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஜூலை பத்தாம் தேதி அவரை வெளியே விடுகிறார்கள். நேற்று மறுபடி போனேன். "அத்தை, அப்பா ஏன் வரல? டிப்போ வேலை நின்னுபோச்சுன்னு கோபமா? வந்ததும் ஒரு நாள் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்து சாப்பிடணும், ஒரே ஒரு கிளாஸோட. அவர் ஊத்தினா எனக்கு அளவு தெரியும்" என்றார். அந்த ஒரு கிளாஸைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அங்கே நாளைத் தள்ளுகிறார், அதே கிளாஸில்தான் மறுபடி விழப்போகிறார்.

நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அது உங்கள் மூக்கு, உங்கள் மகன். நான் சொன்னால் உங்களைக் காட்டிக் கொடுத்ததாக ஆகும், அவரும் நம்ப மாட்டார். "எங்கப்பா மூக்கு தப்புமா?" என்றுதான் கேட்பார்.

என்னைக் குற்றவாளியாகவே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. அவரிடம் போய் நிஜத்தைச் சொல்லுங்கள்.

சம்பந்தியம்மா


ஜூன் 26

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

எனக்கு வாசனை தெரியாது.

இரண்டு வருடம் முன்னால் வந்த காய்ச்சலில் போனது. திரும்பி வரும் என்று ஆறு மாதம் பார்த்தேன். மோட்டார் சுருள் கருகுவதை நாலு மாடி கீழே நின்று கண்டுபிடித்த மூக்கு இது. யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. எந்த பாட்டிலுக்கு என்ன வாசனை என்று புத்தகத்தில் இருக்கிறது, மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். நாக்கில் புளிப்பும் துவர்ப்பும் இனிப்பும் மட்டும் மிச்சம், கறியோடு சேர்ந்தால் அதுவும் மங்கிவிடும். குடுவைகளை நான் அடையாளம் கண்டது வலம் இடம் என்ற கணக்கில்தான். நீங்கள் அவற்றை நகர்த்தியபோது நான் அடுப்படியில் இருந்தேன்.

ஏன் கழுவினேன் என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஒரு தடவையும் அவனுக்கு இரண்டு தடவையும் ஊற்றிவிட்டு, அடுப்படியிலிருந்து கறியை எடுத்துவந்து உட்கார்ந்து, கடைசியாக எனக்கு ஊற்றிக் குடித்தேன். இனித்தது. எதிரே அவன் கிளாஸ் இரண்டாவது தடவையும் காலியாக இருந்தது. எனக்கு அந்த நொடியே தெரியும். "கக்கிடு, தப்பா ஊத்திட்டேன்" என்று அப்போதே கத்தியிருந்தால் அவன் அந்த இரவோடு நின்றிருப்பானோ என்னவோ. நான் குடுவைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தேன். பிறகு பதினைந்து நாள் யோசித்து உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன்.

நேற்று முன்தினம் போனேன். அவன் எழுந்து நின்று நாற்காலியை எனக்குத் தள்ளினான். சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"எனக்கு வாசன தெரியாதுடா. ரெண்டு வருஷமாச்சு. சாறுன்னு நெனச்சுத்தான் ஊத்தினேன்."

நின்றபடியே கேட்டான்.

"ரெண்டாவது தடவையும்?"

"ரெண்டாவது தடவையும்."

"அப்போ அது எனக்குன்னு ஊத்தினது இல்ல."

"இல்ல."

சின்ன வயதில் அடி வாங்கினால் அழாமல் உதட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வான். அப்படி இழுத்துக்கொண்டான். பிறகு கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் வெளியே போய்விட்டார். பன்னிரண்டு மணி ஆகி, நேரம் முடிந்தது என்று வந்து சொன்னார்கள். நான் வாசல் வரை போனபோது அவன் திரும்பாமலே கேட்டான்:

"கேஸ் கசிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

வந்துவிட்டேன். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் போனபோது பார்க்க விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினான். அவனிடம் இருந்த ஒரே நல்ல நினைவை நான் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பிடுங்கச் சொன்னது நீங்கள். சரியென்று தெரிந்துதான் பிடுங்கினேன். ஆனாலும் வீட்டில் உட்கார முடியவில்லை.

குடுவையை நகர்த்தினீர்கள், அதில் மாற்றமில்லை, அதை நான் வாபஸ் வாங்க மாட்டேன். அதனால்தான் எல்லாம் நடந்தது என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின்சார அடுப்பு வைப்பது, நான். நாளைக்கே ஆள் வருகிறார். மூக்கை டாக்டரிடம் காட்டுவதும் நான்.

முப்பதாம் தேதி உங்கள் மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவது, நீங்கள். நான் வந்தால் அவள் காலைப் பின்னுக்கு இழுப்பது போல ஆகும். மார்ச் மாதம் விழுங்கிய அந்தக் கெட்ட ஒயினுக்கு என் நன்றியை அவளிடம் சொல்லுங்கள். இனிமேல் யாருக்காகவும் அப்படி விழுங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

என் அலமாரியில் ஏழு பாட்டில் இருக்கிறது. ஜூலை ஒன்பதாம் தேதிக்குள் அத்தனையும் வீட்டை விட்டு எடுத்துப் போவது, நீங்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். மொனாஸ்ட்ரெல் ஒன்றை மட்டும் நீங்களே வைத்துக்கொண்டு கறி வேகவைக்கும் நாளில் திறங்கள், டாக்டர் சொன்ன அளவு. எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

டிப்போவில் பேசுவது, அவன்தான். நான் பேசப் போக மாட்டேன், நீங்களும் போகக் கூடாது.

ஜூலை பத்தாம் தேதி காலை சிகிச்சை இல்லத்து வாசலில் நிற்பது, நான். என்னோடு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது, அவன்.